டைம்டேபிளை எடுத்து வைத்துவிடுங்கள், தம்பி

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வயது 20. சென்னையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பாவுக்கு முதுகுவலி வந்ததால் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் கல்லூரிக்குப் போகாமல் இப்படிச் சேர்ந்தேன். பூண்டும் கேரட்டும் போட்டிருக்கிறோம். காலையில் தோட்டம், மதியத்துக்கு மேல் படிப்பு என்று டைம்டேபிள் போடுவேன். மூன்றாவது நாள் நின்றுவிடும். பார்க்காத வீடியோக்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. வருகைப் பதிவுக்காக அவற்றை ஓடவிட்டுவிட்டு ரீல்ஸ் பார்க்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங், புள்ளியியல் இரண்டிலும் அரியர். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் நூற்றுக்கு மேல் பேர் இருக்கிறார்கள், ஒருவரையும் தெரியாது. என் வயதுப் பையன்கள் ஊரிலும் இல்லை, கோவை, திருப்பூர் என்று போய்விட்டார்கள். 'எந்நேரமும் போன்தான்' என்று அப்பா திட்டுகிறார். திருப்பூரில் இருக்கும் அண்ணன் தினமும் கூப்பிட்டு 'படிச்சியா?' என்று கேட்பார். 'படிச்சேன்' என்று பொய் சொல்வேன். ஆன்லைன் டிகிரி செல்லாது என்றும் ஊரில் சிலர் சொல்கிறார்கள். ராத்திரி தூக்கம் சரியாக வருவதில்லை. எனக்கு மன உறுதியே இல்லை. அதை வளர்க்க ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

தம்பி, மேல்மலைக் குளிரில் காலையிலேயே தோட்டத்துக்குப் போய் மதியம்வரை குனிந்து வேலை செய்கிற ஒருவர், தனக்கு மன உறுதி இல்லை என்று எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே ஆளால் பிற்பகலில் ஒரு வீடியோ முன்னால் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை என்றால், ஆளைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு, அந்த இரண்டு இடங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் பக்கத்தில் ஆள் இருக்கிறது. அப்பா இருப்பார், இல்லாவிட்டால் கூலிக்கு வந்த அக்காக்கள் இருப்பார்கள். பேச்சு ஓடும். களை எடுத்த பாத்தி எது, எடுக்காதது எது என்று நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். எதை முதலில் முடிப்பது என்பதில் உங்கள் சொல்லும் எடுபடும். படிப்பில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. நீங்கள் எழுதியதை வைத்தே சொல்கிறேன்: குரூப்பில் ஒருவரையும் தெரியாது, எவ்வளவு புரிந்தது என்று காட்ட எதுவும் இல்லை, வீடியோ ஓடுவது வருகைக்காக, பதில் சொல்வது அண்ணனுக்காக.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். இவர்கள் 1985-ல் நூலாகவே எழுதி நிலைநிறுத்திய சுயநிர்ணயக் கோட்பாடு இதைத்தான் பேசுகிறது. உடம்புக்குச் சோறும் தண்ணீரும் வேண்டும் என்பதுபோல மனதுக்கும் மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்கிறார்கள் அவர்கள். நான் செய்வது என் விருப்பத்திலிருந்து வருகிறது என்ற உணர்வு ஒன்று. இது என்னால் முடியும் என்ற உணர்வு இன்னொன்று. என்னைப் பொருட்படுத்துகிற ஆட்களோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு மூன்றாவது. இவை கிடைக்கும் இடத்தில் மனிதர்கள் தாமாகவே முனைந்து வேலை செய்கிறார்கள். கிடைக்காத இடத்தில் திட்டும் கண்காணிப்பும் கொஞ்ச நாள் தள்ளிக்கொண்டு போகும், அப்புறம் நின்றுவிடும். முதல் தேவையை 'யார் தயவும் இல்லாமல் தனியாக நிற்பது' என்று பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்பாவுக்காகத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதை நீங்கள் மனமொப்பிச் செய்தால் அதுவும் சுயவிருப்பம்தான்.

வகுப்பறைக்குப் போகிற மாணவருக்கு இந்த மூன்றும் கேட்காமலே ஓரளவு கிடைத்துவிடுகின்றன. பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கும் கணக்கு வரவில்லை என்று பார்த்தாலே பாதி பயம் போய்விடும். ஆசிரியர் உங்கள் முகத்தைப் பார்த்து 'புரியலையா?' என்று கேட்பார். பஸ்ஸில் வரும்போது பாடத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுவீர்கள். ஆன்லைனில் இதையெல்லாம் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதனால்தான் இன்னொரு டைம்டேபிள் போடாதீர்கள் என்கிறேன். பாடத்தைத் தொடவே மனம் வராத நிலையில் எவ்வளவு அழகாகக் கட்டம் போட்டாலும் அது மூன்றாம் நாள் நிற்கத்தான் செய்யும். நின்ற ஒவ்வொரு முறையும் 'நான் சோம்பேறி' என்பதற்கு உங்களிடம் ஒரு சாட்சி கூடும்.

தொலைநிலைக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் மூர், ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே பேச்சு குறையக் குறையத்தான் தூரம் கூடுகிறது என்றார். ஆகவே உங்கள் விஷயத்தில் முதல் வேலை ஆள் தேடுவது. நூறு பேர் குரூப்பில் நட்பு வராது. 'காஸ்ட் அக்கவுண்டிங் அரியர் யாருக்காவது இருக்கிறதா? வாரம் இரண்டு நாள் ராத்திரி எட்டரைக்குப் போனில் சேர்ந்து படிக்கலாமா?' என்று அந்தக் குரூப்பில் ஒரே ஒரு செய்தி போடுங்கள். அரியர் வைத்திருப்பவர் நீங்கள் மட்டும் இல்லை. வெட்கப்பட்டுச் சும்மா இருக்கிறவர்கள் அங்கே பலர் இருப்பார்கள். இரண்டு பேர் வந்தால் போதும். வீடியோ கால் வேண்டாம், உங்கள் ஊர் டவர் தாங்காது, சாதாரண கால் போதும். ஒரு கணக்கை ஒருவர் விளக்க வேண்டும், மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்க வேண்டும். இருபது நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அரட்டை கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும், அதுவும் தேவைதான்.

அடுத்து ஆசிரியர். 'எனக்கு ஒன்றுமே புரியவில்லை சார்' என்று எழுதினால் அவரால் பதில் சொல்ல முடியாது. எதுவரை வந்தீர்கள், எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள். 'மூன்றாம் அலகு, ஐந்தாம் கணக்கு. உற்பத்திச் செலவு வரை போட்டுவிட்டேன். அதன் பிறகு இறுதிச் சரக்கிருப்பை ஏன் கழிக்கிறோம் என்று விளங்கவில்லை' என்று எழுதிப் பாருங்கள், நிச்சயம் பதில் வரும். உதவி கேட்பது பலவீனம் என்று நம் பையன்கள் நினைக்கிறார்கள். சுயமாகக் கற்பதை ஆராய்ந்தவர்கள் உதவி கேட்கத் தெரிவதை அந்தத் திறமையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள்.

இப்போது காஸ்ட் அக்கவுண்டிங்குக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது இந்தப் பாடத்தின் பெயர்தான். புத்தகத்தில் ஏதோ ஒரு கம்பெனி நாற்காலி செய்யும். அதற்கு நேரடிப் பொருள், நேரடிக் கூலி, மேற்செலவு என்று அட்டவணை போடச் சொல்வார்கள். அந்தக் கம்பெனியை நீங்கள் பார்த்ததே இல்லை. அதை மூடிவைத்துவிட்டு ஒரு தாளில் உங்கள் பூண்டுத் தோட்டத்துக்குச் செலவு அட்டவணை போடுங்கள்.

விதைப்பூண்டும் உரமும் நேரடிப் பொருள். நடவு, களை, பூண்டு பிடுங்குவது, இவற்றுக்குக் கொடுத்த சம்பளம் நேரடிக் கூலி. மோட்டார் ரிப்பேர், தோட்டத்து ஷெட்டின் தேய்மானம் மேற்செலவில் வரும். வடுகப்பட்டி பூண்டுச் சந்தைக்கு ஏற்றிவிடுகிற வண்டி வாடகையும் மண்டிக் கமிஷனும் விற்பனைச் செலவு. சரி, போன வெள்ளாமையில் எடுத்து வைத்த பூண்டையே விதையாகப் போட்டிருந்தால் அதன் விலை என்ன? கையிலிருந்து காசு போகவில்லை என்று பூஜ்யம் போடலாமா? போடக்கூடாது, விற்றிருந்தால் அதற்குப் பணம் வந்திருக்கும். அம்மாவும் நீங்களும் செய்த வேலைக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, அதையும் கணக்கில் ஏற்ற வேண்டுமா? ஏற்ற வேண்டும். காசு கைமாறாவிட்டாலும் கணக்கில் எடுக்கிற கருதுசெலவு என்று பாடத்தில் வருவது இதுதான். இத்தனையும் கூட்டி, கிடைத்த கிலோவால் வகுத்தால் ஒரு கிலோ மலைப்பூண்டு உங்கள் வீட்டுக்கு என்ன விலைக்கு அடங்குகிறது என்று தெரிந்துவிடும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரால் கிடைக்கிற கூடுதல் விலை யார் கைக்குப் போகிறது என்று கேட்க, முதலில் நம் அடக்க விலை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அட்டவணையை உங்களால் தனியாகப் போட முடியாது. அப்பாவிடம் கேட்டால்தான் போன வருடக் கூலி, உரம், வண்டி வாடகையெல்லாம் தெரியும். போய்க் கேளுங்கள். 'பரீட்சைக்கு வேணும்ப்பா' என்று சொல்லியே கேளுங்கள். போனில் என்ன படிக்கிறான் என்று அவருக்கு இதுவரை தெரியாது, பிள்ளை கண்ணாடித் திரையைத் தடவிக்கொண்டிருப்பது மட்டும்தான் தெரிகிறது. தன் தோட்டத்துக் கணக்கு ஒரு தாளில் வரிசையாக வருவதைப் பார்க்கிறவர், அப்புறம் அந்தப் போனைப் பற்றிப் பேசும் விதமே மாறலாம். மாறாவிட்டாலும் நஷ்டம் இல்லை, ஒரு அலகு உங்களுக்குத் தெளிவாகிவிடும். வருகைக்காகப் படித்தது, உங்களுக்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றாக ஆகும்.

அண்ணன் விஷயம். அவர் அக்கறையில்தான் கேட்கிறார். ஆனால் 'படிச்சியா?' என்பது ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் இருக்கிற கேள்வி, அதனால் பொய் சுலபமாக வந்துவிடுகிறது. ஒவ்வொரு பொய்க்கும் அப்புறம் ஒரு குற்ற உணர்வு. குற்ற உணர்வால் படிக்கிறவர்கள் புத்தகம் முன்னால் உட்காருவார்கள், பாடம் மண்டையில் ஏறாது. டெசி 1971-ல் கல்லூரி மாணவர்களிடம் சுவாரசியமான கட்டைப் புதிர்களைக் கொடுத்து ஒரு பரிசோதனை செய்தார். ஒரு பிரிவினருக்கு, முடித்த ஒவ்வொரு புதிருக்கும் பணம் தந்தார். பணம் நின்ற பிறகு, ஓய்வு நேரத்தில் அந்தப் புதிரைத் தொடுவது அவர்களிடம் குறைந்துபோனது. வெளியிலிருந்து இழுக்கிற கயிறு உள்ளே இருந்த ஆசையைத் தளர்த்திவிடும் என்பதற்கு அது ஆரம்பகாலச் சான்று, கண்காணிப்பும் அப்படிச் செய்கிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: 'இரண்டு அரியர் இருக்கு அண்ணே. தினமும் கேட்டா பயமா இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் கேளுங்க, என்ன படிச்சேன்னு நானே சொல்றேன்.' முதல் நாள் திட்டுவார். அதைத் தாங்கிக்கொள்ளலாம், தினமும் பொய் சொல்வது அதைவிடப் பாரம்.

ஆட்களை ஏற்பாடு செய்துவிட்டால் மட்டும் பாஸாகிவிட முடியாது. தன்னைத்தானே நடத்திக்கொண்டு படிப்பது பழகிப் பெற வேண்டிய திறமை, அதில் உங்களுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேரி ஜிம்மர்மேன் இதை ஒரு சுழற்சியாக விளக்கினார். படிப்பதற்கு முன் யோசிப்பது, படிக்கும்போது தன்னைக் கவனிப்பது, படித்து முடித்தபின் திரும்பிப் பார்ப்பது. நம் மாணவர்கள் முதல் கட்டத்தில் டைம்டேபிள் போடுவார்கள், மூன்றாம் கட்டத்தில் தங்களையே திட்டிக்கொள்வார்கள். நடுவில் இருப்பதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

அந்த நடுக்கட்டத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிற மாதிரியே இருக்கும், பரீட்சைத் தாளில் கை ஓடாது. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பாடப் பகுதியை நான்கு சுற்றும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள், 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. உங்களுக்குப் பரீட்சை ஐந்து நிமிடம் கழித்து வரப்போவதில்லையே. அதனால் வீடியோவைப் பதினைந்து நிமிடம் பார்த்தால் நிறுத்திவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, ஒரு தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். எழுத வராத இடம்தான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். சேர்ந்து கிடக்கிற வீடியோக்கள் எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தையும் விட்டுவிடுங்கள். பழைய வினாத்தாளை எடுத்து, எந்தக் கணக்கு வரவில்லையோ அதற்கான வீடியோவை மட்டும் பாருங்கள்.

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை பேச்சைக் கேட்டு வராது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே எழுதினார், தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் அந்த நம்பிக்கைக்குப் பலமான ஊற்று என்று. புள்ளியியலில் ஐந்து அலகையும் ஒன்றாக நினைத்தால் மலைப்பாக இருக்கும். சராசரியும் திட்டவிலக்கமும் மட்டும் எடுங்கள். ஒரே மாதிரிக் கணக்கை, எண்களை மட்டும் மாற்றி, பார்க்காமல் போட வரும்வரை போடுங்கள். அது வந்துவிட்டால் அடுத்தது.

எப்போது படிப்பது? மணி குறித்து வைப்பது உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாது. பூண்டு பிடுங்குகிற நாளில் பிற்பகல் மூன்று மணி உங்கள் கையில் இல்லை. மரம் சாய்ந்து கரண்ட் போனால் அன்று டவரும் இருக்காது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் எழுதியது உங்களுக்கு உதவும். 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் எண்ணம் செயலாவது அதிகம் என்றார். உங்களுக்கு ஏற்ற மாதிரி நான் எழுதிப் பார்க்கிறேன். தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவி டீ குடித்து முடித்ததும் ஒரு கணக்கு போடுவேன். டவர் போனால், நேற்று பார்த்ததை நினைவிலிருந்து எழுதுவேன். பூண்டு பிடுங்குகிற நாளாக இருந்தால், ராத்திரி நண்பர்களோடு பேசுகிற இருபது நிமிடம் மட்டும் போதும். கொடைக்கானலுக்கு ஏதாவது வேலையாகப் போனால், அந்த வாரத்துக்கு வேண்டிய வீடியோக்களை அங்கேயே டவுன்லோட் செய்துகொள்வேன். உங்கள் வரிகளை நீங்களே எழுதுங்கள், நான் எழுதியதை அப்படியே எடுத்தால் அது இன்னொருவர் போட்ட டைம்டேபிள் ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் உட்கார்ந்து, இந்த வாரம் பார்க்காமல் என்னென்ன செய்ய வந்தது, எங்கே நின்றது, அடுத்த வாரம் ஒரே ஒரு மாற்றம் என்ன என்று எழுதிவிட்டு, அதையே அண்ணனிடம் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்று எழுத வேண்டாம். ஏதாவது நின்றுபோனால் காரணத்தை முறையில் தேடுங்கள். 'நான் சோம்பேறி' என்று எழுதினால் அதற்கு மேல் செய்ய ஒன்றுமே இருக்காது. 'வீடியோவை நிறுத்தாமல் முழுசாகப் பார்த்தேன், அதனால் நினைவில் நிற்கவில்லை' என்று எழுதினால் நாளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

டிகிரி செல்லாது என்கிறவர்களுக்கு நேரான பதில் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அனுமதி பெற்று நடத்துகிற ஆன்லைன் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் பெறுகிற பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் மானியக் குழு இதை மறுபடியும் தெளிவுபடுத்தியது. உங்கள் பல்கலைக்கழகமும் நீங்கள் சேர்ந்த ஆண்டும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை யாராவது சொன்னால் காட்டலாம்.

கடைசியாக, தூக்கம். கடிதத்தில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், என்னால் அப்படிப் போக முடியவில்லை. ராத்திரி ரீல்ஸால் தூக்கம் கெடுகிறது என்றால், போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். ஆனால் உடம்பு களைத்திருந்தும் தூக்கம் வராமல் மனம் சுற்றிக்கொண்டே இருந்தாலோ, சாப்பாடு பிடிக்காமல் போனாலோ, முன்பு பிடித்த எதிலும் மனம் செல்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தாலோ படிப்பைப் பற்றிய ஆலோசனை மட்டும் போதாது. 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள், அண்ணனிடம் சொன்னாலும் சரி.